'18.9 மாதம்' எங்கிருந்து வருகிறது? நுரையீரல் புற்றுநோய் டிரயல்களை வகுக்கும் விதம்

2004 டிசம்பரில் ஜெஃபிடினிப் என்ற மாத்திரை ஒரு பெரிய ஆய்வில் தோற்றுப்போனது. நுரையீரல் புற்றுநோய் முற்றி, கீமோவும் கைகொடுக்காமல் போன 1692 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு இந்த மாத்திரையையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐசெல் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 5.6 மாதத்தைத் தாண்டினார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் பாதிப் பேர் 5.1 மாதத்தைத் தாண்டினார்கள். அந்த அரை மாதமும் தற்செயலாக வந்திருக்கலாம் என்றது கணக்கு. அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ, புதிய நோயாளிகளுக்கு இதைக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது.

அதே மாத்திரை இன்று இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. சேலத்தில் புற்றுநோய் பார்க்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அப்போதும் 250 மில்லிகிராம், இப்போதும் 250 மில்லிகிராம். மருந்து மாறவில்லை, ஆய்வை வகுத்த விதம்தான் மாறியது.

நான் புள்ளியியல் படித்தவன், சேலத்துக்காரன். தெரிந்தவர் வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தால், அந்த வீட்டு மகனோ மகளோ இரவெல்லாம் போனில் தேடி ஏதாவது ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "அண்ணா, அப்பாவுக்கு எழுதியிருக்கிற மாத்திரைக்கு 18.9 மாசம்னு போட்டிருக்கு. அப்போ அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான் இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு டிரயல் இருக்கிறது. அதற்குள் யாரைச் சேர்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை எண்ணினார்கள் என்று பார்த்தால்தான் அது நம் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்பது தெரியும்.

முதலில் ஐசெல் ஏன் தோற்றது என்று பார்ப்போம். நுரையீரல் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே நோய் அல்ல. செல்லின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் உண்டு. வளரச் சொல்லும் கட்டளையை வெளியிலிருந்து வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. சிலருடைய கட்டியில் அதற்கான மரபணு பழுதாகி, வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே அந்தக் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். ஜெஃபிடினிப் அடைப்பது அந்தப் புரதத்தைத்தான். இந்தப் பழுதை பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்து வெளியிட்டதும் 2004-ல்தான், ஐசெல்லுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில். அதனால் அதில் சேர்ந்த 1692 பேரும் பழுது இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் சேர்க்கப்பட்டவர்கள்.

நுரையீரல் புற்றுநோயில் அதிகம் வரும் அடினோகார்சினோமா வகையை எடுத்துக்கொண்டால், ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு இந்தப் பழுது இருக்கும். இந்தியர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர், கிழக்காசியாவில் பாதியை ஒட்டி. நூறு பேரில் பன்னிரண்டு பேருக்கு மட்டும் பழுது இருந்து, அவர்களுக்கு ஆளுக்குப் பத்து மாதம் கூடினாலும், மற்ற 88 பேருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் மொத்தச் சராசரியில் கூடுவது 1.2 மாதம்தான். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் நல்ல வெள்ளியையும் கலப்பு வெள்ளியையும் ஒரே மூசையில் போட்டு உருக்கிவிட்டு டச் (வெள்ளியின் தரம்) பார்த்தால் வரும் எண் இரண்டில் எதற்கும் உரியது அல்ல. ஐசெல்லில் நடந்தது அதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியது ஐபாஸ் என்ற ஆய்வு. ஹாங்காங்கின் டோனி மோக் தலைமையில், 2006 மார்ச்சிலிருந்து 2007 அக்டோபர் வரை சீனா, ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா உள்ளிட்ட கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் 1217 பேரைச் சேர்த்தார்கள். இந்தியா அதில் இல்லை. புகைபிடிக்காதவர்கள் அல்லது எப்போதோ கொஞ்சம் பிடித்து விட்டவர்கள், அடினோகார்சினோமா உள்ளவர்கள் மட்டும் என்று வாசலிலேயே வடிகட்டினார்கள். பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப், பாதிப் பேருக்கு கீமோ. 2009-ல் முடிவு வந்தபோது, நோய் வளராமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று மாதவாரியாகக் காட்டும் வரைபடத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. முதல் ஆறு மாதம் வரை கீமோ கோடு மேலே, அதற்குப் பிறகு மாத்திரை கோடு மேலே. இரண்டு கோடுகள் இப்படி வெட்டிக்கொண்டால் புள்ளியியல்காரனுக்கு உடனே சந்தேகம் வர வேண்டும், உள்ளே இரண்டு வகை ஆட்கள் கலந்திருக்கிறார்கள் என்று.

கலந்துதான் இருந்தார்கள். 437 பேரின் கட்டித் திசுவைச் சோதிக்க முடிந்தது, 261 பேருக்குப் பழுது இருந்தது. அவர்களில் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 71.2 பேருக்குக் கட்டி சுருங்கியது, கீமோவில் 47.3 பேருக்கு. பழுது இல்லாதவர்களில் மாத்திரைக்குக் கட்டி சுருங்கியது நூற்றுக்கு 1.1 பேருக்கு, கீமோவுக்கு 23.5 பேருக்கு. அந்த 1.1-ஐ நான் பலருக்குத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறேன். பழுது இல்லாதவருக்கு இந்த மாத்திரையைக் கொடுப்பது 'எதற்கும் கொடுத்துப் பார்ப்போம்' என்கிற விஷயம் அல்ல. அவருக்கு வேலை செய்யக்கூடிய கீமோவைத் தள்ளிப்போடுகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆசியர், புகைபிடிக்காதவர் என்று ஆளைப் பார்த்து அத்தனை கவனமாக வடிகட்டியும் பத்தில் நான்கு பேருக்குப் பழுது இல்லை. ஆளைப் பார்த்து மரபணுவைச் சொல்ல முடியாது. இது எதிர்ப்பக்கமும் பொருந்தும். நாற்பது வருடம் பீடி குடித்தவருக்குக்கூட இந்தப் பழுது இருக்கலாம். வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பீடி குடிப்பவர்தானே என்று டெஸ்ட் எடுக்காமல் விட்டுவிடுவது இன்றும் நடக்கிறது, அது தவறு.

ஐபாஸுக்குப் பிறகு ஆய்வுகளின் வாசல் மாறியது. பழுது உறுதியானவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். ஜப்பானில் அப்படி நடந்த ஓர் ஆய்வில் 320 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம், முதல் 200 பேரின் கணக்கைப் பார்த்ததுமே வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்துவிட, 230 பேரோடு சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நோய் வளராமல் இருந்த காலம் மாத்திரையில் 10.8 மாதம், கீமோவில் 5.4 மாதம். 1692 பேரை வைத்துச் சொல்ல முடியாததை 230 பேரை வைத்துச் சொல்ல முடிந்தது.

ஆனால் சரியான 230 பேரைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. 2007-ல் ஜப்பானில் ஏஎல்கே என்ற வேறொரு பழுதைக் கண்டுபிடித்தார்கள். அது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் இருக்கும். அதற்கான கிரிசோடினிப் மாத்திரையின் ஆரம்ப ஆய்வுக்காக சுமார் 1500 பேரின் திசுவைச் சோதித்து 82 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ராஸ்1, ரெட் போன்ற பழுதுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு. என்டிஆர்கே அதைவிடவும் அரிது. இவ்வளவு அரிதாகும்போது கீமோ குழு ஒன்று வைத்துக் குலுக்கல் முறையில் பிரிப்பதற்கே ஆள் போதாது. அதனால் எல்லாருக்கும் அதே மருந்தைக் கொடுத்து, எத்தனை பேருக்குக் கட்டி சுருங்குகிறது என்று மட்டும் பார்க்கும் ஆய்வுகள் வந்தன. ராஸ்1 பழுதுக்கு கிரிசோடினிப் ஆய்வு 50 பேரை வைத்து நடந்தது, 72 சதவீதம் பேருக்குச் சுருங்கியது. உறுப்பைப் பார்க்காமல் பழுதை மட்டும் பார்த்து, நுரையீரல், தைராய்டு, குடல் என்று எல்லாப் புற்றுநோயாளிகளையும் ஒரே ஆய்வில் சேர்ப்பதும் உண்டு. என்டிஆர்கே பழுதுக்கான லாரோட்ரெக்டினிப்புக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது அப்படிச் சேர்த்த 55 பேரின் முடிவை வைத்து. ஒரே நோய்க்குள் பல பழுதுகளுக்குப் பல மருந்துகளை ஒரே கூரையின் கீழ் சோதிக்கும் முறையும் இருக்கிறது, 2014-ல் அமெரிக்காவில் தொடங்கிய லங்-மேப் அந்த வகை.

50 பேரை நம்பலாமா என்று கேட்பார்கள். தானாகச் சுருங்காத ஒரு கட்டி 50-ல் 36 பேருக்குச் சுருங்கினால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. மருந்து வேலை செய்கிறது என்று நம்பலாம். ஆயுள் எத்தனை கூடும், நீண்ட நாள் சாப்பிட்டால் என்ன கெடுதல் வரும் என்பதை 50 பேர் சொல்ல மாட்டார்கள். ஈஜிஎஃப்ஆரிலேயே எக்ஸான் 20 என்ற இடத்தில் வரும் பழுதுக்கு மோபோசெர்டினிப் என்ற மருந்து 2021-ல் இப்படித்தான் விரைவு அனுமதி வாங்கியது. பிறகு கீமோவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வில் தேறவில்லை, 2023-ல் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, திசுவைச் சோதிப்பது என்றால் என்ன? பயாப்ஸி எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, தபால்தலை அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிவைப்பார்கள். அதுதான் பிளாக். ஊசியால் எடுத்த துணுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இருந்தால் பெரிது. அதைச் சீவிச் சீவிக் கண்ணாடியில் ஏற்றி, இது புற்றுநோய்தானா, எந்த வகை என்று பார்ப்பதிலேயே பாதி தீர்ந்துவிடும். மரபணுச் சோதனைக்கு அனுப்பும்போது 'போதுமான திசு இல்லை' என்று பதில் வருவதுண்டு. வெறும் சளியிலோ நெஞ்சுத் தண்ணீரிலோ நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். டிரயல்களில் இந்தச் சோதனையைத் தாங்கள் சொல்லும் லேபில்தான் செய்ய வேண்டும் என்பார்கள். பிளாக் கூரியரில் போய், ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம். அதற்குள் மூச்சுவாங்குகிறவருக்கு டாக்டர் ஏதாவது சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும். தொடங்கிவிட்டால் பல டிரயல்களில் சேர முடியாது. இரத்தத்திலேயே பழுதைத் தேடும் சோதனை இதைக் கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறது, ஆனால் அதில் 'இல்லை' என்று வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயாப்ஸி எடுக்கும் அன்றே, கூடுதலாகத் துணுக்கு எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பிளாக்கை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

இனி அந்த 18.9-க்கு வருவோம். அது ஃப்ளாரா என்ற ஆய்வின் எண். ஈஜிஎஃப்ஆர் பழுது உள்ள 556 பேர். ஒரு பக்கம் புதிய தலைமுறை மாத்திரை ஓசிமெர்டினிப், மறுபக்கம் பழைய ஜெஃபிடினிப் அல்லது எர்லோடினிப். நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு புதியதில் 18.9 மாதம், பழையதில் 10.2 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேருக்கு அதற்குள் நோய் வளர்ந்தது, பாதிப் பேருக்கு அதற்கு மேலும் வளராமல் இருந்தது. ஆகவே அது அப்பாவின் ஆயுள் கணக்கு அல்ல. அந்த மாத்திரை எவ்வளவு காலம் நோயை வளரவிடாமல் பிடித்து வைத்தது என்பதன் நடுப்புள்ளி. அதற்குப் பிறகும் வேறு சிகிச்சை உண்டு. அதே ஆய்வில் உயிரோடு இருந்த காலத்தின் இடைநிலை 38.6 மாதம், பழைய மாத்திரையில் தொடங்கியவர்களுக்கு 31.8 மாதம்.

நோய் வளர்ந்துவிட்டது என்று முடிவு செய்வது எப்படி என்று தெரிந்துகொண்டால் பல பயங்கள் தெளியும். ஒருவருக்கு நுரையீரலில் 42 மில்லிமீட்டர் கட்டி, கல்லீரலில் 28 மில்லிமீட்டர் கட்டி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 70. மருந்துக்குப் பிறகு கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்து 49 ஆனால் சுருங்கியது என்று எழுதுவார்கள். 50 என்றால் அப்படி எழுத மாட்டார்கள், நிலையாக இருக்கிறது என்பார்கள். பிறகு வளர்கிறதா என்று பார்ப்பது மிகக் குறைந்த அளவான 49-லிருந்து. அதற்கு மேல் 20 சதவீதம் கூடினால், அதாவது 59 ஆனால், வளர்ந்துவிட்டது என்று கணக்கு. 58 என்றால் இல்லை. 59 என்பது ஆரம்பத்தில் இருந்த 70-ஐவிடக் குறைவு, அவர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்துகொண்டிருக்கலாம். ஆனாலும் டிரயல் கணக்கில் அன்றோடு அவருடைய எண் முடிந்தது. டிரயலுக்கு வெளியே டாக்டர் அதே மாத்திரையைச் சில மாதம் தொடர்வதும் உண்டு, அதற்கு நியாயமும் உண்டு.

ஸ்கேன் எடுக்கும் இடைவெளியும் இந்த எண்ணை மாற்றும். ஃப்ளாராவில் முதல் 18 மாதம் ஆறு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்திருந்தால் வளர்ச்சி தாமதமாகக் கண்ணில் படும், மாதக் கணக்கு தானாகக் கூடும். ஒரு குழுவுக்கு அடிக்கடியும் மறு குழுவுக்கு எப்போதாவதும் எடுத்தால் ஒப்பீடே கெட்டுவிடும். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் இரு பக்கத்துக்கும் ஒரே தேதிக் கணக்கு. ஸ்கேனைப் படிப்பவருக்கு யார் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்று தெரியாமலும் வைப்பார்கள்.

ஆயுளையே நேராக எண்ணிவிடலாமே, ஏன் இந்த மில்லிமீட்டர் கணக்கு என்று கேட்கலாம். எண்ணத்தான் வேண்டும், ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பழைய மருந்துக் குழுவில் ஒருவருக்கு நோய் வளர்ந்ததும் அவருக்குப் புதிய மருந்தைக் கொடுக்காமல் இருப்பது அநியாயம். கொடுத்துவிட்டால் இரண்டு குழுவும் கடைசியில் புதிய மருந்தைச் சாப்பிட்டிருக்கும், ஆயுள் வித்தியாசம் மங்கிவிடும். ஐபாஸில் ஆயுள் வித்தியாசம் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம். ஃப்ளாராவில் டி790எம் என்ற அடுத்த பழுது உறுதியானால் புதிய மருந்துக்கு மாற அனுமதித்தார்கள்.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு ஓசிமெர்டினிப்பை மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த அடாரா ஆய்வில் 682 பேர். ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 88 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 78 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் வெற்று மாத்திரைக் குழுவில் நோய் திரும்பியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பிறகு ஓசிமெர்டினிப் கிடைத்தது. அப்படியென்றால் இந்த ஆய்வு 'முன்கூட்டியே கொடுப்பதா, திரும்பி வந்தபின் கொடுப்பதா' என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்லவில்லை. பல பேருக்கு அது 'கொடுப்பதா, கொடுக்காமல் இருப்பதா' என்ற கேள்வியாகவே நின்றுவிட்டது. மூன்று வருடத்துக்கு மாத்திரை வாங்கித் தோட்டத்தை விற்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டும் ஒரே கேள்வி அல்ல.

எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதில் எளிதாக வழுக்கும் இடம் இன்னொன்று. கேராஸ் ஜி12சி என்ற பழுதுக்கான சோடோராசிப் மாத்திரையை டோசிடாக்ஸெல் கீமோவோடு ஒப்பிட்ட கோட்பிரேக் 200 ஆய்வில் 345 பேர். யாருக்கு எது கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கீமோ குழுவில் விழுந்த 174 பேரில் 23 பேர் ஒரு ஊசிகூடப் போடாமலே விலகிவிட்டார்கள். மாத்திரை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விலகியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாதபோது மிச்சமுள்ள ஒப்பீடு சாய்ந்துவிடும். நோய் வளராத காலம் 5.6 மாதம் எதிராக 4.5 மாதம், ஆயுளில் வித்தியாசம் இல்லை. 2023 அக்டோபரில் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு, இந்த எண்ணை நம்பி முடிவு சொல்ல முடியாது என்று 10-க்கு 2 என வாக்களித்தது. முழு அனுமதி கிடைக்கவில்லை.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. கீமோ காலத்தில், உடம்பு தாங்கும் உச்ச அளவைக் கண்டுபிடித்து அதையே கொடுப்பது வழக்கம். இப்படி ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைக்கும் இலக்கு மருந்தில் அந்தப் புரதம் அடைபட்ட பிறகு மேலும் கொடுப்பதால் பயன் கூடாது, பக்கவிளைவுதான் கூடும். ஓசிமெர்டினிப்பை 20-லிருந்து 240 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்துவிட்டு 80-ஐத் தேர்ந்தார்கள். சோடோராசிப்புக்கு 960, அதாவது ஆரம்பத்தில் 120 மில்லிகிராம் மாத்திரை தினம் எட்டு. 240-ஐயும் ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்று எஃப்டிஏ கேட்டு, பிறகு 960-ஐயே ஏற்றுக்கொண்டது. 2021-லிருந்து ஆப்டிமஸ் என்ற திட்டத்தின் கீழ், அனுமதிக்கு முன்பே இரண்டு மூன்று அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்படி நிறுவனங்களை எஃப்டிஏ வற்புறுத்துகிறது. கைக்காசு போட்டு மாத்திரை வாங்கும் நாட்டுக்கு இந்தக் கேள்வி எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மை ஆள் இல்லை, ஆனால் இவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். சிகரெட்டைத் தொட்டதில்லை, விறகடுப்புப் புகைதான் தெரியும். இருமல், எடை குறைவு. எக்ஸ்ரேயில் நிழல். டிபி என்று மாத்திரை தொடங்குகிறார்கள். நம் ஊரில் அதுதான் அதிகம் என்பதால் அந்தச் சந்தேகம் முதலில் வருவது இயல்பு. சில மாதம் போய், சரியாகாமல், சேலத்துக்கு இறங்கி பயாப்ஸி எடுத்தால் அடினோகார்சினோமா, ஸ்டேஜ் 4. புகைபிடிக்காத பெண் என்பதால் ஈஜிஎஃப்ஆர் பழுது இருக்க நல்ல வாய்ப்பு. இந்த மருந்துகள் யாருக்காக உருவானதோ அவர் இவர்தான்.

ஆனால் ஒரு பன்னாட்டு டிரயலில் இவர் சேர முடியுமா? நோயாளியின் நடமாட்டத்தை 0 முதல் 4 வரை எண் போட்டு அளப்பார்கள். 0 என்றால் எப்போதும்போல் இருக்கிறார், 4 என்றால் படுத்த படுக்கை. பெரும்பாலான டிரயல்கள் 0, 1 உள்ளவர்களை மட்டும் எடுக்கின்றன. டிபி மாத்திரையில் மாதங்கள் போன இந்த அம்மா, தன் வேலையைத் தானே செய்துகொள்வார், ஆனால் தோட்டத்துக்குப் போக முடியாது. அது 2. வாசலிலேயே நின்றுவிட்டார். 1 என்றே வைத்துக்கொண்டாலும், மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம், அங்கிருந்து சுமார் 340 கிலோமீட்டர் சென்னை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கூட ஓர் ஆள், இருவருக்கும் கூலி போச்சு. போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறையே சொல்கிறது. பட்ஜெட்டில் அதை முதலிலேயே எழுதிவைக்கும் ஆய்வாளர்தான் இவரைப் போன்றவரைச் சேர்க்க முடியும்.

இதை இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 0, 1 உள்ளவர்களிடம் மட்டும் சோதித்த மருந்தின் 18.9 மாதம், 2-ல் இருப்பவருக்கு எவ்வளவு ஆகும் என்று அந்த ஆய்வு சொல்லாது. பதில் வேண்டுமென்றால் அவர்களையும் உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும்.

அது முடியாத காரியமும் இல்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில், மருத்துவர்களே வகுத்து 2016-லிருந்து 2018 வரை 350 பேரைச் சேர்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. விலை குறைந்த ஜெஃபிடினிப்பை ஒரு குழுவுக்குத் தனியாகவும், மறு குழுவுக்கு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் கீமோவோடு சேர்த்தும் கொடுத்தார்கள். நடமாட்ட எண் 2 உள்ளவர்கள் நூற்றுக்கு 21 பேர். மூளைக்குப் பரவியவர்கள் நூற்றுக்கு 18 பேர். நம் ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் இப்படித்தான் இருக்கும். நோய் வளராத காலம் தனி மாத்திரையில் 8 மாதம், சேர்த்துக் கொடுத்ததில் 16 மாதம். ஆயுளும் தெளிவாகக் கூடியது. கடுமையான பக்கவிளைவுகள் ஏறத்தாழ 25 சதவீதத்திலிருந்து 51 ஆக இரட்டித்தன, அதை மறைக்காமல் எழுதினார்கள். தனி மாத்திரையின் 8 மாதத்தை ஜப்பான் ஆய்வின் 10.8-ஓடு வைத்துப் பாருங்கள். அதே மருந்து, அதே அளவு. உள்ளே வந்தவர்கள் வேறு. என்னைப் பொறுத்தவரை, சேலத்து டாக்டர் ஒருவர் நோயாளியின் வீட்டாரிடம் எண் சொல்ல வேண்டியிருந்தால் முதலில் எடுக்க வேண்டியது இந்த 8-ம் 16-ம் தான்.

'டிரயல் என்றால் நம்மை எலியாக்குகிறார்கள்' என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பழைய முறைகேடுகளால் வந்த பயம் அது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் டிரயலைத் தொடங்க முடியாது. டிரயலால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. புத்தம்புதிய மருந்தென்றால், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் சம்மதத்தை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் தமிழ்ப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்கக் கேளுங்கள். டிரயல் முடிந்த பிறகு மருந்து பலன் கொடுத்துக்கொண்டிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்பதை அந்தப் படிவத்தில் தேடுங்கள்.

அப்புறம் விலை. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஓசிமெர்டினிப்புக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது, பிறகு ஜிஎஸ்டியும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான், ஆனாலும் கூலிக்காரர் வீட்டுக்கு அது இன்னும் எட்டாத உயரம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு இன்னோர் ஆணையும் போட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற சில வகை மருந்துகளுக்கு இந்தியாவில் தனியாக டிரயல் நடத்தத் தேவையில்லை. இப்போதுள்ள சிகிச்சையைவிடக் கணிசமான முன்னேற்றம் தரும் மருந்துகளும் அந்த வகைகளில் ஒன்று, நுரையீரல் புற்றுநோய் மாத்திரைகள் அதற்குள் வரலாம். மருந்து சீக்கிரம் வரும், அதை நான் வரவேற்கிறேன். கூடவே, 0-ஆகவும் 1-ஆகவும் இருந்த வெளிநாட்டுக்காரர்களின் எண்ணே இங்கேயும் எண்ணாகிவிடும். அதற்கு மாற்றாக விதியிலேயே ஒரு வழி இருக்கிறது. இப்படி விலக்கு வாங்கும் நிறுவனம், மருந்து விற்பனைக்கு வந்தபின் இங்குள்ள நோயாளிகளிடம் நான்காம் கட்ட ஆய்வு நடத்துவதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆய்வு பெருநகரத்து கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளில் மட்டும் நடந்தால் மறுபடியும் அதே கூட்டத்தைத்தான் எண்ணுவோம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களும் அதில் இருக்க வேண்டும். டிபி வந்து போன நுரையீரல், எண் 2, மூளைக்குப் பரவியது, பணமில்லாமல் நடுவில் மாத்திரையை நிறுத்தியது, மலையிலிருந்து வர முடியாமல் ஸ்கேன் தவறியது எல்லாவற்றையும் அது பதிவு செய்ய வேண்டும். இரத்தப் பரிசோதனையும் மாத்திரை வாங்குவதும் ஏற்காட்டிலேயே முடிந்து, ஸ்கேனுக்கு மட்டும் சேலம் இறங்கும்படி அதை வகுக்கலாம். இந்தியாவில் நடக்கும் டிரயல்கள் எல்லாம் அவற்றுக்கான பொதுப் பதிவேடான சிடிஆர்ஐ இணையதளத்தில் பதிவாக வேண்டும். எந்தெந்த ஊரில், எந்தெந்த மருத்துவமனையில் நடக்கிறது என்ற பட்டியலும் அதிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த நுரையீரல் புற்றுநோய் மாத்திரைக்கு விலக்கு கொடுக்கும்போது அந்தப் பட்டியலில் மாவட்ட மருத்துவமனைகள் எத்தனை என்று நிருபர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் டாக்டர்களும் கேட்க வேண்டும், அனுமதி கொடுத்த பிறகு அல்ல, கொடுக்கும் முன்பே.